ஒரு வீடியோ ரேப்புக்கு ஒரு மணித்தியாலம்

மாக்கிறட் அக்கா அந்தக் கிழமையில் மூன்றாம் தரமாகப் படலையைத் திறந்துகொண்டு வந்தபோது கலியாண வீடியோ எடுக்கிற டொமினிக் குசினியில் திருக்கைக் கருவாடு கழுவிக்கொண்டிருந்தார். முதல் இரண்டு தரமும் பின்பக்கத்தால் இறங்கிக் கடற்கரைக்குப் போய்விட்டார். இந்த முறை கையெல்லாம் உப்பு, ஓட வழியில்லை.

"தம்பி, கனடாவுக்கு டிவிடி போய்ச் சேந்திட்டுதாம்," என்றார் மாக்கிறட். "மகன் மூண்டு தரம் போட்டுப் பாத்தவனாம். நான் அதில இல்லையாம்."

"எந்த டிவிடி அக்கா?"

"சும்மா கேளாதேயும். மேல் ஒழுங்கையில நடந்த கலியாணம். நான் பந்தல் காலோட நிண்டனான். உம்மட கமரா என்னைப் பாத்தது. சிவத்த லைற் எரிஞ்சது. ஐஞ்சு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லி முடியுமட்டும் அசையாமல் நிண்டனான். பேந்து என்னண்டு நான் இல்லாமப் போனன்?"

டொமினிக் கருவாட்டையே கழுவினார். கருவாடு எப்போதோ சுத்தமாகிவிட்டது.

மன்னார்க் கரையில் உள்ள அரிப்பு ஊரிலும் அதைச் சுற்றியுள்ள கரையூர்களிலும் கலியாண வீடுகளில் இப்படிச் சிலர் வந்து நிற்பார்கள். வீட்டாருக்கு நெருங்கிய சொந்தமாக இருக்கவேண்டும் என்றில்லை. நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, கமரா தங்கள் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, திரும்பியதும் நேரே பார்த்தபடி நிற்பார்கள். கை காட்டமாட்டார்கள், சிரிக்கமாட்டார்கள், வாய் திறந்து ஒரு சொல் சொல்லமாட்டார்கள். படத்தின் பிரதிகள் கனடாவுக்கும் பாரிசுக்கும் போகும், கைமாறிக் கைமாறி அங்கே இருக்கிற தங்கள் பிள்ளையிடமும் ஒருநாள் போய்ச் சேரும் என்பது அவர்கள் கணக்கு. மாக்கிறட்டின் மகன் கனடாவுக்குப் போய்ப் பதினான்கு வருடம். அந்தப் பதினான்கு வருடத்தில் ஊரே சண்டையால் இரண்டு தரம் இடம்பெயர்ந்து திரும்பி வந்துவிட்டது, மகன்தான் வரவில்லை.

அந்த இரண்டு நிமிடத்தை வெட்டியது டொமினிக்தான். படம் நின்ற இடத்திலேயே நிற்கிறதே என்று வெட்டி எறிந்துவிட்டார். மாக்கிறட்டை அவருக்குத் தெரியும், மகன் எங்கே இருக்கிறான் என்பதும் தெரியும். தெரிந்ததை அந்த நேரத்தில் நினைவுபடுத்தப் பக்கத்தில் ஆள் இல்லை.

"பிழை என்னிலதான் அக்கா," என்றார் கடைசியில். "வெட்டுப்பட்டுப் போச்சு."

"அப்ப திருப்பி ஒட்டித் தாருமன்."

"அந்த வீடியோ ரேப் இப்ப ஓடாது. கமராவின்ர ஹெட் தேஞ்சு போச்சு. மணல் தின்னுட்டுது."

மாக்கிறட் கதிரையின் விளிம்பில் இருந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் டொமினிக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"அன்ரோனெற் இருந்தா இப்பிடி நடந்திருக்காது," என்று சொல்லிவிட்டு எழும்பினார். "எப்ப தம்பி வாறா?"

"வருவா அக்கா," என்றார் டொமினிக்.

அன்ரோனெற் அவரது மனைவி. பாரிசில் இருக்கும் மகள் டிலோஜினியின் பிள்ளைப்பேற்றுக்கு மூன்று மாத விசாவில் போனவள். போய் ஒரு வருடமும் எட்டு மாதமும் ஆகிவிட்டது. முதலில் பிள்ளைக்குப் பால் மறக்கட்டும் என்றார்கள், பிறகு பிள்ளை நடக்கட்டும் என்றார்கள், பிறகு விசா அலுவல் என்றார்கள். பிள்ளை இப்போது ஓடித் திரிகிறது. வருகிறேன் என்றும் அன்ரோனெற் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. டொமினிக் கேட்கவுமில்லை. ஊரில் கேட்கிறவர்களுக்கெல்லாம் "வருவா" என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லும் தேய்ந்துவிட்டது.

அவள் இருந்த காலத்தில் கலியாணப் படம் வெட்டுவது இரண்டு பேருடைய வேலை. ரேப்பில், அதாவது வீடியோ நாடாவில், எடுத்த படம் சும்மா கொம்பியூட்டருக்குள் போய்விடாது. கமராவையும் கொம்பியூட்டரையும் வயரால் தொடுத்து, ரேப்பை ஆரம்பத்திலிருந்து ஓடவிடவேண்டும். ஒரு ரேப்புக்கு ஒரு மணித்தியாலம். எடுத்த நேரம் எவ்வளவோ ஏற்றுகிற நேரமும் அவ்வளவு, ஒரு நிமிடம் குறையாது. அந்த ஒரு மணித்தியாலமும் இரண்டு கதிரையைப் போட்டு இருவரும் இருப்பார்கள். டொமினிக் படத்தின் வெளிச்சத்தைப் பார்ப்பார், அன்ரோனெற் ஆட்களைப் பார்ப்பாள். மடியில் எழுத ஒரு பெரிய சி.ஆர். கொப்பி. முதலில் நேரம், பிறகு ஆள், பிறகு யாருக்காக, கடைசியில் கட்டளை. 'பெண்ணின்ர தாய்மாமன், இங்கிலாந்துக்கு, கட்டாயம்.' 'இந்த ரெண்டு பேரும் கோபம், பக்கத்தில வரக் கூடாது.' 'வியாகுலம் அன்ரி, மகள் ஜேர்மனி, வெட்டக் கூடாது.'

எழுதுகிற நேரத்தில் இறாலும் உடைப்பாள். உடைத்துக்கொண்டே, "இஞ்ச பாருங்கோ, மாப்பிள்ளைக்குச் சப்பாத்து கடிக்குது, முகத்தைப் பாத்தாத் தெரியுதில்லையோ," என்பாள். படத்தில் பாட்டுப் போட்டால் இவளும் முணுமுணுப்பாள். இரண்டாயிரத்து ஏழில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நானாட்டானுக்கு ஓடியபோதும், கமராவைப் பொலித்தீனில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு போனவள் அவள்தான். முகாம் கொட்டிலிலும், யாரோ வீட்டில் கரண்டு கேட்டு, அந்த ஒரு மணித்தியாலத்தை இருவரும் இருந்திருக்கிறார்கள். கலியாணம் கட்டி இருபத்தாறு வருடத்தில் டொமினிக்கும் அவளும் நிதானமாகப் பேசிக்கொண்டது பெரும்பாலும் ஊரார் கலியாணங்கள் ஓடிக்கொண்டிருந்தபோதுதான்.

அவள் போனபிறகும் அவர் இரண்டு கதிரை போட்டார். ரேப் ஓடும்போது சத்தத்தைக் கூட்டிவைத்து, பந்தியில் ஆட்கள் சாப்பிடுகிற இடம் வந்ததும் தன் சாப்பாட்டுக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு வந்து சாப்பிட்டார். நூறு பேர் இருக்கிற பந்தி. ரேப் முடிந்து திரை நீலமானால் சோளகக் காற்று தகரத்தை அடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். அந்த நீலத்தை அவர் வெறுத்தார்.

ஆடி மாதத் தொடக்கத்தில் டிலோஜினி போன் எடுத்தாள்.

"அப்பா, உங்கட கமரா பழுதாப் போச்செண்டு அம்மா சொன்னவ. இவர் ஒரு எச்டி கமரா பாத்து வச்சிருக்கிறார். மடுக் கோயில் திருவிழாவுக்கு இவரின்ர சிநேகிதர் ஒராள் வாறார், அவரிட்டக் குடுத்துவிடலாம். ஆனா ரெண்டு விதம் இருக்காம். ரேப் போடுறது ஒண்டு, மெமரி கார்ட் போடுறது ஒண்டு. எது உங்களுக்குச் சரி?"

"யோசிச்சுச் சொல்லுறன் பிள்ளை."

"ரெண்டு கிழமைக்குள்ள சொல்லுங்கோ. பேந்து அவர் வெளிக்கிட்டிடுவார்."

அடுத்த நாள் டொமினிக் மன்னாருக்குப் பஸ் ஏறினார். திருத்துவதற்காகக் கிண்டிப்போட்ட ரோட்டில் பஸ் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர, தலைமயிர் முழுக்கச் செம்மண். பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட வஸீரின் கடை. வஸீர் முசலிப் பக்கத்து ஆள். புத்தளத்தில் இருபது வருடம் அகதியாக இருந்து வளர்ந்து, அங்கேயே ரேடியோ, கமரா, கொம்பியூட்டர் எல்லாம் கழற்றிப் பூட்டப் பழகி, இப்போது திரும்பி வந்து கடை போட்டிருந்தான். டொமினிக்கின் கொம்பியூட்டருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று டொமினிக்கைவிட அவனுக்குத்தான் தெரியும்.

"ரெண்டும் எச்டி தான் அண்ணன்," என்றான் வஸீர். "பாக்கிற ஆக்களுக்கு வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் உங்கட வீட்டு மேசையிலதான்."

"மேசையில என்ன?"

"ரேப் எண்டா இப்ப செய்யிற மாதிரியேதான். வயரக் குத்தி ஓட விடுங்க, ஒரு மணித்தியாலம் ஓடும். உங்கட மிசின் முக்கி முனகி எண்டாலும் அத வெட்டிரும். கார்ட் எண்டா பத்து நிமிசத்தில கொப்பி பண்ணிரலாம். ஆனா அது இறுக்கிச் சுருட்டிக் கட்டின மீன் வல மாதிரி. அத அவுக்க உங்கட பழைய மிசினுக்குப் பெலம் காணாது. படம் நிண்டு நிண்டு போகும். முதல்ல வேற மாதிரிக்கு மாத்திப்போட்டுத்தான் வெட்டலாம். ஒரு மணித்தியாலப் படத்த மாத்த ஆறு மணித்தியாலம் பிடிக்கும்."

"அந்த ஆறு மணித்தியாலமும் படத்தைப் பாத்துக்கொண்டு இருக்கலாமோ?"

வஸீர் திருத்திக்கொண்டிருந்ததைக் கீழே வைத்தான். "படம் எங்க தெரியப்போகுது? ஒரு கோடு ஊந்து போகும், அவ்வளவுதான். நீங்க அதப் போட்டுட்டுக் கடலுக்குப் போய் வரலாம்."

"அப்ப எனக்கு எது சரி?"

"நீங்க தனி ஆள் எண்டா கார்ட். உள்ளுக்க ஓடுற சாமான் ஒண்டும் இல்ல, உங்கட ஊர் மணலுக்கும் நல்லம். போட்டுட்டு வேற வேல பாக்கலாம். ரெண்டு பேர் இருந்து செய்யிற எண்டா ரேப். ஒராள் ஓட விட, ஒராள் எழுத, ஏத்தி முடியக்குள்ள பாதி வேல முடிஞ்சிரும்." பிறகு சாதாரணமாகக் கேட்டான்: "அக்கா எப்ப வாறாங்க?"

"வருவா."

"அப்ப ரேப்ப எடுங்க," என்றான் வஸீர்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது டொமினிக் ஒரு முடிவுக்கு வந்தார். எந்தக் கமரா என்று அன்ரோனெற்றிடமே கேட்பது. வருவாயா என்று நேராகக் கேட்க அவருக்குப் பயம். ஆம் இல்லை என்று ஒரு பதில் வந்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளை எப்படிக் கழிப்பது? கமராவைப் பற்றிக் கேட்கலாம். ரேப் என்று சொன்னால் அவள் வரப்போகிறாள். கார்ட் என்று சொன்னால் வரப்போவதில்லை. மனிதன் கேட்க முடியாத கேள்வியைக் கமராவின் தலையில் கட்டினார்.

ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு அவர்களே போன் எடுத்தார்கள். பிள்ளையின் சத்தம், பாத்திரச் சத்தம், பிறகு அன்ரோனெற்றின் குரல்.

"இஞ்சாருங்கோ, சாப்பிட்டியளோ?"

"ஓம். புட்டும் சொதியும்."

"ஆர் புட்டு அவிச்சது?"

"நான்தான்."

"நீங்களோ?" அவள் சிரித்தாள். "தண்ணி கூடிக் களியாயிருக்குமே."

"கொஞ்சம் களிதான். சாப்பிடலாம். பூசைக்குப் போனனியோ?"

"போட்டு வந்துதான் சமைக்கிறன். இஞ்ச தமிழ்ப் பூசை மாதத்தில ஒருக்காத்தான்."

டொமினிக் தொண்டையைச் செருமினார். "கமரா விசயம் பிள்ளை கேட்டவள். நான் வஸீரிட்டப் போனனான். அவன் எல்லாம் வடிவா விளங்கப்படுத்தினவன். ரேப் எண்டா முந்தின மாதிரி இருந்து ஏத்தவேணும். கார்ட் எண்டா பத்து நிமிசம். அவன் என்ன சொல்லுறானெண்டா, தனி ஆள் எண்டா கார்ட் நல்லதாம், ரெண்டு பேர் இருந்து செய்யிறதெண்டா ரேப் நல்லதாம். அதுதான் உன்னைக் கேக்கிறன்."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.

"காத்து அடிக்குதோ அங்க? சத்தம் கேக்குது," என்றாள்.

"சோளகம்தானே. பின்பக்கத் தகரம் ஒண்டு கிளம்பிப் போச்சு."

"கல்லொண்டு தூக்கி வையுங்கோவன்."

"வச்சனான். அதையும் தள்ளுது."

"என்ர கொப்பியள் எங்க இருக்கு?"

"மேசையிலதான். நீ வச்ச இடத்தில."

"மேசையில கிடந்தாப் பூச்சி அரிச்சுப் போடும். அலுமாரிக்குள்ள எடுத்து வையுங்கோ."

டொமினிக் மேசையைப் பார்த்தார். ஐந்து கொப்பிகள், மேலே இருந்ததில் அவளுடைய பேனை செருகியபடி இருந்தது.

"கமராவைக் கேட்டனான்," என்றார்.

"கார்ட் எடுங்கோ."

டொமினிக் அந்தப் பேனையைக் கொப்பிக்குள் இன்னும் உள்ளே தள்ளினார்.

"உங்களுக்கு அதுதான் லேசு," என்று அன்ரோனெற் வேகமாகச் சொல்லத் தொடங்கினாள். "மணல் போகாதாம். ரேப் தேடி அலையத் தேவையில்லை. தனிய இருந்து மணித்தியாலக் கணக்கில உத்துப் பாத்துக்கொண்டு ஏன் கண்ணைக் கெடுக்கிறியள்?"

"தனியவோ?"

"அதைத்தானே சொல்லுறன்."

"ம்."

"இஞ்சாருங்கோ." குரல் இறங்கிவிட்டது. "நான் பிள்ளையைக் காலமை கொண்டுபோய்ப் பாக்கிற இடத்தில விட்டிட்டு நடந்து வாறன். ஒரு ஆமிக்காரனும் மறிக்கிறேல்ல. எங்க போறாய், அடையாள அட்டை எங்க எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல."

"இப்ப இஞ்சயும் அவ்வளவு மறிக்கிறேல்ல."

"தெரியும். ஆனா என்ர கால் நம்புதில்லை. திருப்பி ஒருக்கா ஓடச் சொன்னா என்னால ஏலாது. முகாமிலயே உங்களுக்குச் சொன்னனான். நான் பொல்லாதவள் இல்லை."

"நான் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே," என்றார் டொமினிக். "நான் கமராவைத்தானே கேட்டனான்."

அவள் அழுவது கேட்டது. நீங்கள் இங்கே வரலாம்தானே என்று அவள் சொல்லவில்லை. அவருடைய விசா விண்ணப்பம் ஒருமுறை போய்த் திரும்பிவந்தது இருவருக்கும் தெரியும். "பிள்ளையிட்டச் சொல்லு, கார்ட் எண்டு," என்று சொல்லி அவர்தான் போனை வைத்தார். வைத்தபிறகு அவரும் அழுதார். பார்க்க ஆள் இல்லாத வீட்டில் அழுவதற்கு ஒரு வெட்கமும் இல்லை, ஆனால் முகத்தைக் கழுவென்று சொல்லவும் ஆள் இல்லை. தானாகவே போய்க் கிணற்றடியில் கழுவினார். பிறகு கொப்பிகளை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார். சொன்ன வேலை என்றால் செய்துவிடுகிற மனிதர்.

திருவிழா முடிந்து கமரா வந்தது. ஒரு தண்ணீர்ப் போத்தல் அளவுதான், தோளில் வைத்துப் பழகியவருக்குக் கையில் எதையும் பிடித்திருப்பதாகவே தெரியவில்லை. புரட்டாதியில் அருளப்பு வீட்டுக் கலியாணம். அருளப்பு அன்ரோனெற்றுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். படத்தின் முதல் பிரதி பாரிசுக்குத்தான் என்று அவர் முதலே சொல்லிவிட்டார்.

மாக்கிறட் ஊதாச் சேலை கட்டிக்கொண்டு வந்து பந்தல் காலோடு நின்றார். கமராவைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"இது எடுக்குமோ தம்பி?"

"எடுக்கும் அக்கா. பழசைவிட வடிவா எடுக்கும்."

"இப்ப எரியுதோ?"

"எரியுது."

மாக்கிறட் நிமிர்ந்து நின்றார். உதடு மட்டும் மெல்ல அசைந்தது. டொமினிக் கமராவை அசைக்கவில்லை. ரேப் முடிந்துவிடும் என்ற பயம் இப்போது இல்லை. சோற்றுப் பானைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் குறுக்கே போனார்கள், காற்றில் சேலைத் தலைப்பு அடித்தது, மாக்கிறட் கண்ணை மூடாமல் நின்றார். ஐந்தாவது மரியே முடிந்ததும் தோள் இறங்கியது.

"போதும்," என்றார். பிறகு கேட்டார்: "எல்லாரையும் எடுக்கிறீர். உம்மை ஆர் தம்பி எடுக்கிறது?"

"நான் எடுக்கிறவன்தானே அக்கா."

அதைச் சொல்லிவிட்டு அவர் பெண் மாப்பிள்ளையை எடுக்கப் போய்விட்டார். ஆனால் பந்தி தொடங்கி, ஆட்கள் எல்லோரும் ஆட்டிறைச்சி வாசத்துக்கு அந்தப் பக்கம் சரிந்தபோது, முக்காலியைப் பந்தலின் வாசலில் ஊன்றி, கமராவை அதில் பூட்டி, சிவப்பு வெளிச்சம் எரிகிறதா என்று இரண்டு தரம் பார்த்தார். நடந்து போய் அதே பந்தல் காலோடு நின்றார். இருபது வருடமாகக் கமராவுக்குப் பின்னால் நின்ற ஆளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பொக்கற்றுக்குள் வைத்தார், எடுத்தார், கடைசியில் தொங்கவிட்டார். சொல்ல நிறைய இருந்தது. பழுதான தகரத்தை மாற்றிவிட்டதைச் சொல்லலாம், புட்டு இப்போது களியாகிறதில்லை என்பதைச் சொல்லலாம். ஆனால் அங்கே நிற்கிறவர்கள் பேசுவதில்லை. அவரும் பேசவில்லை. சும்மா கமராவுக்குள் அன்ரோனெற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எவ்வளவு நேரம் நின்றாரென்று அவருக்குத் தெரியாது. பக்கத்துக் கதிரையிலிருந்து மாக்கிறட்டின் குரல் மெல்லக் கேட்டது.

"ஐஞ்சு முடிஞ்சுது தம்பி. நான் எண்ணினனான்."

அடுத்த நாள் காலை தேத்தண்ணி வைத்து மேசைக்குக் கொண்டுவந்து, கடைசிக் கார்ட்டைப் போட்டார். பழக்கத்தில் இரண்டு கதிரையையும் இழுத்தாயிற்று. ஒரு மணித்தியாலப் படம் பதினொரு நிமிடத்தில் இறங்கி முடிந்தது. தேத்தண்ணி ஆறவில்லை.

பிறகு மாற்றுகிற வேலையைத் தொடக்கினார். வஸீர் சொன்னது பொய்யில்லை. ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் பச்சைக் கோடு. ஒரு முகமில்லை, ஒரு பாட்டில்லை, பந்தியில்லை. அரை மணித்தியாலம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், கோடு ஒரு விரலளவுகூட நகரவில்லை. எழும்பிக் கடற்கரைக்குப் போனார். கரைவலை இழுத்த ஆட்களோடு கயிறு பிடித்தார், கூலியாகத் தந்த கீரிமீனை வாங்கிக்கொண்டு வந்தார், சமைத்தார், கோட்டுக்கு முன்னால் இருந்து சாப்பிட்டார். இரண்டாவது கதிரையில் மீன் சட்டியை வைத்தார். முதலில் அது அவருக்குப் பிழையாகப் பட்டது. பிறகு அப்படியே விட்டுவிட்டார்.

வெயில் சாய்கிற நேரத்தில் கோடு முடிந்தது. படம் ஓடியது. மாக்கிறட் நின்றார், தெளிவாக, சேலையின் கரைகூடத் தெரிந்தது. அதற்குப் பிறகு பந்தல் காலோடு நரைத்த ஒரு மனிதர் வந்து நின்றார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்ற அந்த ஆளை டொமினிக் முடியும்வரை பார்த்தார்.

அலுமாரியைத் திறந்து மேலே இருந்த கொப்பியையும் பேனையையும் எடுத்துவந்தார். அன்ரோனெற்றின் எழுத்து முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், அவள் எழுதுகிற ஒழுங்கிலேயே எழுதினார்.

'42ஆம் நிமிசம். மாக்கிறட் அக்கா. மகன், கனடா. வெட்டக் கூடாது.'

பிறகு கீழே எழுதினார்.

'51ஆம் நிமிசம். டொமினிக். மனிசி, பாரிஸ். வெட்டக் கூடாது.'